மொய் நோட்டில் எழுத முடியாதது: பிள்ளைகளுக்குக் கிருபையை எப்படிச் சொல்வது

எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது 'கிருபை' என்ற வார்த்தை காதில் விழும். மதுரையிலிருந்து வருகிற பஸ் நேரத்துக்கு வந்துவிட்டால் கிருபை. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கினால் கிருபை. யாராவது நலம் விசாரித்தால், "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம்" என்று என் மாமியார் சொல்லாமல் விட மாட்டார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ஒருநாள் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்: "அம்மா, கிருபைன்னா என்ன?"

காரைக்குடியில் பதினோரு வருடமாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவள் நான். "தகுதியில்லாதவங்களுக்குத் தேவன் காட்டுற தயவு" என்று மனப்பாடமாகச் சொன்னேன். "தகுதின்னா என்ன?" என்றான். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

அதன் பிறகு நான் யோசித்ததையும் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்ததையும் எழுதுகிறேன். வீட்டில் விசுவாசத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்கிற அப்பா அம்மாக்களுக்கு இது உதவலாம்.

முதலில் வார்த்தை. கிருபை என்பது வடமொழியிலிருந்து வந்த சொல். இரக்கம் என்று பொருள். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் அந்த இடத்தில் 'காரிஸ்' என்று இருக்கிறது. தயவு, மனமுவந்து கொடுக்கிற கொடை என்று அதற்கு அர்த்தம். கத்தோலிக்கர்கள் இதையே 'அருள்' என்கிறார்கள். "அருள் நிறைந்த மரியே" என்று ஜெபிக்கிறார்களே, அந்த அருள்தான். தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓரியூர் தெரிந்திருக்கும். 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே உயிரைக் கொடுத்த போர்ச்சுகல் நாட்டுக் குருவின் பெயர் ஜான் டி பிரிட்டோ. ஜான், அதாவது யோவான், என்ற பெயருக்கு எபிரேயத்தில் 'கர்த்தர் கிருபையுள்ளவர்' என்று பொருள். தமிழில் அவர் அருளானந்தர். இரண்டு பெயரிலும் அதே அருள் இருக்கிறது. வகுப்பில் கிருபா, அருள் என்று பெயருள்ள பிள்ளை இருந்தால் நான் அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கிவிடுவேன்.

ஆனால் சொல்லுக்குப் பொருள் சொல்லிவிட்டால் ஏழு வயதுப் பையனுக்குப் புரிந்துவிடாது. அவனுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்துதான் போக வேண்டும். நான் மொய் நோட்டை எடுத்தேன்.

நம் பக்கத்துக் கல்யாண வீட்டைப் பார்க்காத பிள்ளை கிடையாது. மண்டபத்து வாசலில் ஒரு மேசை, நீள நோட்டு ஒன்று, மஞ்சள் பை ஒன்று. ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதிக்கொண்டே போவார்கள். 101, 501, 1,001. கல்யாணம் முடிந்ததும் அந்த நோட்டு பீரோவுக்குள் போய்விடும். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷம் வந்தால் நாம் நோட்டைப் புரட்டி, அவர்கள் எவ்வளவு செய்தார்கள் என்று பார்த்து, அதற்குக் கொஞ்சம் மேலே போட்டுச் செய்வோம். பக்கத்து வீட்டு ஆச்சி கிண்ணத்தில் பணியாரம் கொடுத்து விட்டால் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம், கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். இதெல்லாம் நல்ல பழக்கம். உறவு இப்படித்தான் நிற்கிறது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் இப்படி வளர்கிற பிள்ளை மனதில் ஒன்று பதிந்துவிடுகிறது: வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கடவுளிடமும் அப்படித்தான் என்று அது நினைத்துக்கொள்ளும். நான் ஜெபம் பண்ணினேன், அவர் மார்க் கொடுத்தார். நான் பொய் சொன்னேன், அவர் காய்ச்சல் கொடுத்தார். இது மொய் நோட்டுதான், எழுதுகிறவர் மட்டும் வானத்தில் இருக்கிறார்.

அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் நான்காம் அதிகாரத்தில் இதையே நம் பேச்சு வழக்கு மாதிரியான வார்த்தைகளில் சொல்கிறார்: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." கூலி ஒன்று, கடன் ஒன்று, கிருபை ஒன்று. வேலைக்குக் கிடைத்தால் கூலி. திருப்பித் தர வேண்டியதென்றால் கடன். இரண்டுமே இல்லாமல், கொடுப்பவரின் மனசு ஒன்றையே காரணமாகக் கொண்டு வருவது கிருபை. அதை எழுதி வைக்க நோட்டே கிடையாது.

சரி, இதைச் சொல்லிவிட்டேன். மகன் தலையாட்டினான். புரிந்ததா என்றால், இல்லை. புரிந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து, ஜாடி உடைந்த அன்று.

நாங்கள் வாடகைக்கு இருப்பது பழைய வீடு ஒன்றின் பின்கட்டு. தரை ஆத்தங்குடிக் கல். அதில் எது விழுந்தாலும் தப்பாது. என் மாமியாருக்குச் சீராக வந்த பீங்கான் ஊறுகாய் ஜாடி ஒன்று இருந்தது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை. நாற்பது வருடத்துக்கு மேலாக அதில்தான் உப்பு நாரத்தங்காய் போடுவார். மகன் பந்து அடித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குள் அடிக்காதே என்று அன்றைக்கே இரண்டு தடவை சொல்லியிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது நாரத்தங்காயும் பீங்கான் சில்லுமாகக் கூடம் முழுக்கக் கிடந்தது. பையனைக் காணோம்.

அரைமணி நேரம் கழித்து அவனே வந்தான். கையில் உண்டியல் காசு, எண்ணிப் பார்த்தால் 37 ரூபாய். "இதை வச்சுக்கங்க" என்று நீட்டினான். எனக்கிருந்த கோபத்தில், "கொடு. அப்பத்தான் புத்தி வரும்" என்று வாங்கிக்கொண்டேன்.

மாமியார் கீழே உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "அவன் காசை அவன்ட்ட குடுத்துரு. ஜாடி என்னுது. நான் விட்டுட்டேன்." அப்புறம் அவனைப் பார்த்து, "காலைப் பாத்து வை, குத்திரும். கை கழுவிட்டுச் சாப்பிட வா" என்றார். அவ்வளவுதான். நாளெல்லாம் கிருபை என்று சொல்கிறவர், அந்த நேரத்தில் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

இரவு எல்லோரும் படுத்த பிறகு தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுப்படி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமியார் இரண்டு பெரிய சில்லுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பொருந்தியது, ஆனால் நிற்காது. சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

கிருபையைப் பற்றிப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும் பகுதி இந்தச் சம்பவத்துக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். 37 ரூபாயால் அந்த ஜாடியைத் திருப்ப முடியாது. 3,700 இருந்தாலும் முடியாது. பையனுக்கு அது தெரியாது. தான் கொடுப்பது போதும் என்று நினைத்துத்தான் நீட்டினான். மன்னிக்கிற உரிமை எனக்கில்லை, ஜாடிக்காரருக்குத்தான் உண்டு. அதனால்தான் பாவத்தை மன்னிக்கக் கடவுளே வர வேண்டியிருந்தது என்று வேதம் சொல்கிறது. பிறகு, மன்னித்துவிட்டார் என்பதற்காக நஷ்டம் காற்றில் கரைந்து போய்விடவில்லை. அது யார் மேலாவது இறங்கியே ஆக வேண்டும். அன்று அது அப்பத்தா மேல் இறங்கியது. கிறிஸ்தவர்கள் சிலுவையைப் பற்றிப் பேசும்போது சொல்ல வருவது இதுதான்: நம்முடைய நஷ்டத்தை இயேசு தன்மேல் ஏற்றுக்கொண்டார். இலவசம் என்பது வாங்குகிறவருக்கு. கொடுத்தவருக்கு அது இலவசமாக இல்லை.

மறுநாள் மகனிடம், "கிருபைன்னா என்னன்னு கேட்டியே, நேத்து அப்பத்தா செஞ்சாங்களே, அதுதான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்போ நான் அப்பத்தாவுக்கு என்ன செய்யணும்?" என்றான். பாருங்கள், உடனே மொய்! "ஒண்ணும் செய்ய வேண்டாம். தேங்க்ஸ் சொல்லு, போதும்" என்றேன். அவனுக்கு அது கஷ்டமாக இருந்தது. பெரியவர்களுக்கும் அதுதான் கஷ்டம். சும்மா வாங்கிக்கொள்ள நமக்கு வராது.

இதற்கு வேதத்தில் ஒரு கதை சொல்ல வேண்டுமென்றால், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த மகனை அப்பா கட்டிக்கொள்கிற கெட்ட குமாரன் கதையை எல்லோரும் சொல்வார்கள். நல்ல கதைதான். நான் பிள்ளைகளுக்கு அதற்கு முன்னால் மேவிபோசேத்தின் கதையைச் சொல்கிறேன். இரண்டு சாமுவேல் ஒன்பதாம் அதிகாரம். தாவீதைக் கொல்லத் தேடித் திரிந்த சவுல் ராஜாவின் பேரன் அவன். ஐந்து வயதில், சண்டையில் அப்பாவும் தாத்தாவும் இறந்த செய்தி வந்ததும் தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவசரத்தில் அவன் விழுந்து இரண்டு காலும் முடமாகிவிட்டது. வளர்ந்து எங்கோ லோதேபார் என்ற ஊரில் ஒதுங்கியிருக்கிறான். இப்போது தாவீது ராஜா. பழைய ராஜாவின் வாரிசுகளைப் புது ராஜா என்ன செய்வார் என்று அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். தாவீதிடமிருந்து ஆள் வருகிறது. அவன் எப்படி நடுங்கியிருப்பான்! முகங்குப்புற விழுகிறான். தாவீது, "பயப்படாதே" என்கிறார். என் உயிர் நண்பனாக இருந்த உன் அப்பா யோனத்தானுக்காக நான் உனக்குத் தயை செய்வேன், தாத்தாவின் நிலமெல்லாம் உனக்குத்தான், "நீ என் பந்தியில் நித்தம் அப்பம் புசிப்பாய்" என்கிறார்.

பந்தி என்ற வார்த்தையே நம் தமிழ் வேதத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பந்தியில் யாரை எங்கே உட்கார வைப்பார்கள், யாரை அடுத்த பந்திக்கு நிற்கச் சொல்வார்கள் என்பதெல்லாம் அவர்கள் பார்த்ததுதான். மேவிபோசேத் ராஜாவின் பிள்ளைகளில் ஒருவனைப் போல முதல் பந்தியில் உட்கார்ந்தான். ஒரு நாள் விருந்து இல்லை, தினமும். கால் சரியாகிவிட்டதா? இல்லை. கடைசி வசனம் வரைக்கும் அவனுக்கு இரண்டு காலும் முடம்தான். இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுங்கள். பிள்ளைகளே ஏதாவது கேட்பார்கள். ஒரு தடவை ஒரு சின்னப் பெண், "அவனை யாரு டீச்சர் தூக்கிட்டு வந்து உக்கார வச்சா?" என்று கேட்டாள். அது வேதத்தில் இல்லை. ஆனால் எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்தது.

அடுத்தது விசுவாசம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நம்மில் பலர் அதைக் கவனிப்பதில்லை. அன்றாடத் தமிழில் விசுவாசம் என்றால் நன்றி மறவாமல் இருப்பது. விசுவாசமான நாய், முதலாளிக்கு விசுவாசமான வேலையாள் என்கிறோம். அதனால் 'இயேசுவை விசுவாசி' என்றால், அவருக்கு அடங்கி நல்லபடியாக நடந்துகொள் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்கிறது. மறுபடியும் கூலிக்கணக்கு. வேதம் சொல்லும் விசுவாசம் நம்புவது, சாய்வது. கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை' என்றே வருகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் எளிதாக இருக்கும்.

என் கணவர் மகளுக்குக் கண்மாயில் நீச்சல் கற்றுக்கொடுத்ததை நான் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஆளைத் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகள் மிதப்பதைக் கண்ணால் பார்க்கிறாள். ஆனாலும் அப்பாவின் கழுத்தை விட மாட்டேன் என்கிறாள். தெரிவது வேறு, படுப்பது வேறு. முதுகுக்குக் கீழே அப்பாவின் கை இருக்க, ஒரு நொடி உடம்பைத் தளர்த்தி மல்லாந்தாளே, அதுதான் விசுவாசம். இன்னொன்றும் கவனியுங்கள். அவளைத் தாங்கியது அவளுடைய தைரியம் அல்ல, தண்ணீர். பயந்து பயந்து படுத்தாலும் தண்ணீர் தாங்கத்தான் செய்தது. கடுகுவிதை அளவு விசுவாசம் போதும் என்று இயேசு சொன்னது இதனால்தான் என்று நினைக்கிறேன். எபேசியர் 2:8 இரண்டையும் ஒரே வரியில் வைக்கிறது: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்." தாங்குவது கிருபை. சாய்வது விசுவாசம்.

சந்தேகம் வந்தால் விசுவாசம் போய்விட்டது என்று பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் நோயாளி மகனைக் கொண்டுவந்த ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுகிறான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, மகனைக் குணமாக்கினார். பெற்றோராக நான் அடிக்கடி சொல்லும் ஜெபம் அதுதான்.

அப்படியென்றால் பிள்ளைகளைக் கண்டிக்கவே கூடாதா? கண்டிக்கலாம், கண்டிக்க வேண்டும். வேதம் 'சிட்சை' என்கிறது. சிக்ஷா, அதாவது கற்பித்தல், என்ற வடசொல்லிலிருந்து வந்தது அது. தண்டனை பழைய கணக்கைத் தீர்க்கும், சிட்சை பிள்ளையை வளர்க்கும். ஜாடி உடைந்த மறுநாளிலிருந்து வீட்டுக்குள் பந்து கிடையாது, அதில் மாற்றமில்லை. ஆனால் அது ஜாடிக்கான விலை அல்ல. எபேசியர் 6:4 தகப்பன்மாருக்குச் சொல்கிறது: "உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக." இதில் முதல் பாதியை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற ஒரு விஷயம் உண்டு. 'சாமி கண்ணைக் குத்தும்' என்று ஊரில் சொல்வதை நாமும் எடுத்துக்கொண்டு, "பொய் சொன்னா இயேசப்பா கண்ணைக் குத்திருவாரு" என்கிறோம். குருடனின் கண்ணைத் திறந்தவரைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிற முதல் செய்தி இதுவா? நானும் சொல்லியிருக்கிறேன், சோறு ஊட்டுகிற அவசரத்தில். இப்போது நிறுத்திவிட்டேன். அதேபோல "ஜெபம் பண்ணினா ஃபர்ஸ்ட் ரேங்க்" என்பதையும் விட்டுவிட்டோம். ரேங்க் வராத வருடம் பிள்ளை கடவுளையும் சேர்த்து விட்டுவிடும்.

நல்லது செய்வது தேவையில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எது முதலில், எது பிறகு என்பதுதான் கேள்வி. பத்துக் கட்டளைகளைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கும்போது, அதற்கு முந்தைய வரியை விட்டுவிடாதீர்கள். யாத்திராகமம் 20:2, உன்னை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவன் நானே என்கிறது. முதலில் விடுதலை செய்தார், செங்கடலைக் கடக்க வைத்தார், பிறகுதான் கட்டளை கொடுத்தார். கட்டளையைக் கைக்கொண்டால் விடுவிக்கிறேன் என்று எகிப்தில் வைத்துச் சொல்லவில்லை. ஜாடிக்குப் பிறகு என் மகன் யாரும் சொல்லாமலே அப்பத்தாவுக்கு வெற்றிலைச் செல்லத்தை எடுத்துக் கொடுக்கிறான். அது கடனடைப்பு இல்லை, பாசம்.

எப்போது சொல்வது என்று கேட்பார்கள். உபாகமம் ஆறாம் அதிகாரம் நான்கு நேரம் சொல்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. ஞாயிற்றுக்கிழமை என்று இல்லை. 1529இல் ஜெர்மனியின் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லும் சின்ன ஞானோபதேசத்தை எழுதியபோதும், வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுதான் எழுதினார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பவுலோடு ஊழியம் செய்த இளைஞன் தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவன் பாட்டி லோவிசாளிடமும் அம்மா ஐனிக்கேயாளிடமும் இருந்ததாகப் பவுல் எழுதுகிறார். எங்கள் வீட்டிலும் பாட்டிதான் முந்திக்கொண்டார்.

ஆனால் விசுவாசம் சொத்து மாதிரி இறங்காது. செட்டிநாட்டு வீடுகளில் பங்காளிகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. வெளியூரில் இருந்தாலும், சாவியே கையில் இல்லாவிட்டாலும் பங்கு பங்குதான். விசுவாசத்தில் அப்படிப் பங்கு எழுதிவைக்க முடியாது. நாம் சொல்லலாம், வாழ்ந்து காட்டலாம், அவர்களுக்காக ஜெபிக்கலாம். சாய்வது அவர்கள்தான்.

என் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. போன வருடம் குடும்ப ஜெபத்துக்கு வருவதை நிறுத்தினாள். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் அவளே அடுப்படிக்கு வந்து கேட்டாள்: "நான் ஜெபத்துக்கு வந்தாத்தான் என்கிட்ட பேசுவீங்களாம்மா?"

மாவைக் கலக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. பின்னால் மாமியார் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. "இல்லடி. நீ வந்தாலும் வராட்டியும் என் பிள்ளைதான். தட்டை எடு, சாப்பிடு" என்றேன்.

இப்போது சில நாள் வந்து உட்காருகிறாள். சில நாள் முற்றத்தில் தூணில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பழைய வீடு, கதவெல்லாம் திறந்தேதான் கிடக்கும். நாங்கள் பாடுவது முற்றம் வரைக்கும் கேட்கும்.